முதல் அட்மிஷன் டேக்கு முன்னால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவத் துறைக்கு வரும் முதலாண்டு பிஜிக்கள் (பட்டமேற்படிப்பு மருத்துவர்கள்) ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் நாலு பேர் வருவார்கள். மாநிலக் கலந்தாய்வில் இன்னும் சிலர். இரண்டாம் சுற்றில் ஒருவர் வேறு கல்லூரிக்கு மாறிப் போவார், அவர் இடத்துக்கு வேறொருவர் பெட்டியோடு வந்து நிற்பார். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கடைசிச் சுற்றில் ஒருவர். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழும். டீன், ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்), துறைத் தலைவர் எல்லாரும் மேடையில் அமர்ந்து நடத்தும் அறிமுக நாளோ ஒரே ஒரு முறைதான். பிந்தி வந்தவருக்கு ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து, ஹாஸ்டல் சாவி, "உங்க யூனிட்டுக்கு நாளைக்கு அட்மிஷன் டே, எட்டு மணிக்கு வந்துருங்க." அவ்வளவுதான். (அட்மிஷன் டே என்றால் அன்று வரும் புது நோயாளிகளை அந்த யூனிட்டே சேர்த்துப் பார்க்க வேண்டிய நாள்.)

மேடை நிகழ்ச்சிக்கு வந்தவருக்கும் பெரிய லாபமில்லை. துறையின் வரலாறு, தீசிஸ் தலைப்பை எப்போது கொடுக்க வேண்டும், ராகிங் தடுப்பு, உடை ஒழுங்கு. எல்லாம் தேவைதான். ஆனால் புதியவருக்குப் பரீட்சை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் அட்மிஷன் இரவில், மூன்று மணிக்கு, சீனியர் ஐஎம்சியுவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) ஒருவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், வார்டில் தனியாக நிற்கிறாரே, அங்கே. அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு உதவாத எதையும் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரிட்டனில் புது ஜூனியர் டாக்டர்கள் எல்லாரும் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை வேலையில் சேர்கிறார்கள். அன்று நோயாளிகளுக்கு ஆபத்து கூடும் என்ற அச்சத்தில் அந்த நாளுக்கே 'கறுப்புப் புதன்' என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கு மாற்றாக 2012 முதல், வேலை தொடங்குவதற்கு முன் குறைந்தது நாலு நாள், அதே வார்டில் இருக்கும் டாக்டரின் கூடவே நின்று பார்க்கும் ஏற்பாட்டைச் சம்பளத்தோடு கொண்டுவந்தார்கள். நம் ஊரில் நாலு நாள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு அரை நாளும், இன்னொரு யூனிட்டின் அட்மிஷன் டேயில் மாலை நாலிலிருந்து பத்து மணி வரை சும்மா கூட நிற்பதும் எந்தத் துறையாலும் முடியும்.

அந்த அரை நாளை நடப்பதற்குச் செலவிட வேண்டும். வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு, சென்ட்ரல் லேபுக்கு, சிடி ஸ்கேனுக்கு, ஏஆர்டி (எச்ஐவி மருந்து) மையத்துக்கு, மார்ச்சுவரிக்கு. வரைபடத்தில் காட்டினால் பயனில்லை, காலால் நடக்க வேண்டும். போகும்போது கையில் ஒரு நிஜமான சாம்பிளைக் கொடுத்து அனுப்புவது நல்லது. எந்த லிஃப்ட் இரவில் ஓடாது, லேபின் எந்த ஜன்னலைத் தட்ட வேண்டும், ரத்த வங்கிப் படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மருந்துக் கிடங்கு பகலில் மட்டும் என்றால், இரவுக்கு வேண்டிய பாம்புக்கடி மருந்தும் இம்யூனோகுளோபுலினும் எந்த ஃபிரிட்ஜில், யாருடைய பூட்டில் இருக்கின்றன என்பதை அன்றே கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதே நடையில் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மூடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்பிபிஎஸ் முடித்த பலர் அதைத் திறந்ததே இல்லை, வார்டு உதவியாளரான எம்என்ஓ அண்ணன்தான் திறப்பார். நிறைந்த பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். முள் பாதியில் நின்றால் ஒன்றே கால் மணி நேரம். சிடிக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் பாதிச் சிலிண்டரோடு கிளம்புவது சூதாட்டம். சிலிண்டர் இருந்தும் சாவி இல்லாமல் நிற்பது அதைவிட அடிக்கடி நடக்கிறது. சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டிவிட வேண்டும்.

கிராஷ் டிராலியில் (அவசர மருந்தும் கருவியும் உள்ள வண்டி) இருப்பதைப் பட்டியலாகப் படிக்கவைப்பதைவிட, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பைப் பிரித்து மாட்டி லைட் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கழற்றி வால்வைத் திரும்பச் சரியாகப் பொருத்தச் சொல்லலாம். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரில், ஷாக்கை இதயத் துடிப்போடு இணைக்கும் சிங்க் பட்டன் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முந்தின கேஸுக்குக் கார்டியோவெர்ஷன் (துடிப்பைச் சீராக்கும் ஷாக்) செய்துவிட்டு யாரோ சிங்க்கை ஆன் செய்தபடியே விட்டிருப்பார்கள். அடுத்து வி.எஃப். (இதயம் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை) வந்தவருக்கு ஷாக் பட்டனை அழுத்தினால் இயந்திரம் இசிஜியில் வராத ஆர் அலைக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், ஷாக் போகாது. மெஷின் ரிப்பேர் என்று முடிவு செய்து இன்னொன்றைத் தேடி ஓடுவார்கள்.

மருந்துக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகமும் தனியார் மருத்துவமனையும் பழக்கிய இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அரசு வார்டின் வயல் (மருந்துக் குப்பி) ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் வயலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: பேஷண்ட் வீட்டிலிருந்து கொண்டுவந்த 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போகும்.

சிரிஞ்ச் பம்ப் போடும்போது இதே பிழை வேறு வேஷத்தில் வரும். கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் நிலை) பேஷண்ட்டுக்கு 50 மில்லி சலைனில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின் என்று எழுதுகிறோம். 40 யூனிட் வயலிலிருந்து அதற்கு 1.25 மில்லி எடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் அரை மில்லி எடுத்தால் பம்பில் இருப்பது 20 யூனிட்தான். மணிக்கு 5 மில்லி ஓடுகிறது, மணிக்கு 5 யூனிட் போவதாகக் கேஸ் ஷீட் சொல்கிறது, உண்மையில் போவது 2. இரவெல்லாம் சர்க்கரை இறங்காது, அசிடோசிஸ் அப்படியே நிற்கும், விடிந்ததும் இன்ஃபெக்‌ஷன் எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். இதை ஒரு ஸ்லைடில் போட்டால் மறந்துவிடுவார்கள். டிரேயில் இரண்டு சிரிஞ்சு, காலாவதியான ஒரு வயல் வைத்து, "50 யூனிட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். இன்சுலின் தொடங்குமுன் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம் என்பதையும் அந்த டிரே முன்னாலேயே சொல்லிவிடலாம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மில்லி, அதில் 20 மில்லி ஈக்விவலண்ட். நேராக நரம்பில் போடவே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி போட்டுக் கலக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது. கனமான திரவம், அடியில் போய்த் தங்கும். முதல் சில நிமிடங்களில் பேஷண்ட்டுக்குப் போவது கிட்டத்தட்ட நேரடி ஊசிதான். பாட்டிலை இறக்கி, மருந்தைச் சேர்த்து, நாலைந்து முறை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்த பிறகு தொங்கவிட வேண்டும். 500 மில்லிக்கு ஒரு ஆம்பூல், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். கை நரம்பில் இதைவிட வேகம் வேண்டுமென்றால் சீனியரைக் கேட்காமல் கூடாது.

பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலினில் 2 மில்லி ஆம்பூலில் 2 மில்லிகிராமும் உண்டு, 4 மில்லிகிராமும் உண்டு. சப்ளை மாறும்போது யாரும் அறிவித்துவிட்டு மாற்றுவதில்லை. 'இரண்டு ஆம்பூல் நார்அட்' என்று ஆர்டர் எழுதும் பழக்கத்தை முதல் நாளே ஒழிக்க வேண்டும், மில்லிகிராமில் எழுத வேண்டும். வலிப்பை நிறுத்தும் ஃபெனிடாயினின் லோடிங் (முதல் முழு டோஸ்) கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 50 கிலோ ஆளுக்கு 1,000 மில்லிகிராம். 100 மில்லிகிராம் ஆம்பூல் பத்து உடைக்க வேண்டும், சலைனில் மட்டும், 20 நிமிடத்துக்குக் குறையாமல். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். பயத்தில் இரண்டு ஆம்பூலோடு நிறுத்திக்கொண்டு, "லோடிங் குடுத்தாச்சு சார், ஃபிட்ஸ் நிக்கல" என்று போனில் சொல்பவர்கள் வருடா வருடம் உண்டு.

லேப் முடிவு பொய் சொல்லும் இடம் ஒன்றைக் கட்டாயம் காட்டிவிட வேண்டும். பொட்டாசியம் 9 என்று எகிறியும் கால்சியம் 4 என்று இறங்கியும் ரிப்போர்ட் வருகிறது, இசிஜி சாதாரணமாக இருக்கிறது, பேஷண்ட் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். நடந்தது இதுதான்: ரத்தம் போதாமல் போக, ஊதா மூடி டியூபில் இருந்ததில் கொஞ்சத்தைச் சிவப்பு மூடி டியூபில் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஊதா டியூபில் ரத்தம் உறையாமலிருக்க வைத்திருப்பது பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன்) தம்பியைத் திட்டுவதற்கு முன், சிவப்பு டியூபை முதலில் நிரப்பு என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்க வேண்டும். டிரிப் ஓடும் கையிலேயே எடுத்த ரத்தமும் இதே ஜாதிதான்.

இனி விஷம். வட மாநிலத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வரும் கெட்டிக்கார டாக்டருக்கும் தமிழ்நாட்டு வார்டில் பாடம் இருக்கிறது. வட தமிழகத்திலும் புதுச்சேரிப் பக்கமும் ஒடுவந்தழையை அரைத்துக் குடித்துவிட்டு வருவார்கள். வரும்போது நன்றாக நடந்தே வருவார்கள். முதல் நாள் எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கும். பிறகு சிறுநீரகக் குழாய்கள் பாதிக்கப்பட்டு பொட்டாசியம் இறங்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். எலி பேஸ்ட்டும் அப்படித்தான். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்ட்டைத் தின்றவர் முதல் நாள் வாந்தி எடுப்பார், இரண்டாம் நாள் தெளிவாக இருப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்று சண்டை போடுவார். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகி, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறும். அரளி விதைக்கு நாடித் துடிப்பு எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, மானிட்டரிலிருந்து எடுக்கக்கூடாது. ஆகவே புதியவருக்கு முதல் மாதத்தில் ஒரே விதி: விஷ கேஸ் எதையும், நன்றாக இருக்கிறார் என்ற காரணத்துக்காக, சீனியர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் எழுதக்கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாலும் சீனியரைக் கூப்பிட்ட பிறகுதான்.

பூச்சிமருந்து கேஸில் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஆம்பூல். மூன்று ஆம்பூலில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் நெஞ்சைக் கேட்டு, ஈரம் குறையவில்லை என்றால் ஆறு, பிறகு பன்னிரண்டு. உடைத்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் தனியாக வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க இன்னொரு ஆள். நுரையீரல் தெளிய வேண்டும், அக்குள் காய வேண்டும், துடிப்பு 80க்கு மேல், பிரஷர் 80க்கு மேல். கண்பாவை விரிவதற்காக மட்டும் துரத்திக்கொண்டு போனால் இரண்டாம் நாள் காலையில் பேஷண்ட் உளறிக்கொண்டு, உடம்பு கொதித்து, வயிறு உப்பிக் கிடப்பார். அது அட்ரோபின் ஜாஸ்தியானது. அதையும் விஷத்தின் வேலை என்று எண்ணி இன்னும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாம்புக்கடியில் எல்லாம் ஒரு கண்ணாடி டியூபில் நிற்கிறது. சுத்தமான, உலர்ந்த, கண்ணாடி டியூப். 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் டியூபில் செய்தாலும், சோப்பு போட்டுக் கழுவிய டியூபில் செய்தாலும் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து பத்து வயல் போகும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. ஒரு கடிகாரமும் கைபடாத ஸ்டாண்டும் வேண்டும். சந்தேகமிருந்தால் நல்ல ஆள் ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரி இன்னொரு டியூபில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மருந்து வயலைக் குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் உருட்ட வேண்டும். டெஸ்ட் டோஸ் தேவையில்லை. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் அரை மில்லியைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் 15 நிமிடம் கட்டிலருகே நிற்க வேண்டும். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு குழந்தைக்கென்று குறைத்துக் கடிப்பதில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அந்தக் கண்ணாடி டியூப்.

தமிழ் தெரியாத டாக்டருக்கு மொழி சொல்லிக்கொடுப்பதை 'சாப்டீங்களா, வலிக்குதா' என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். ஆபத்து வேறு சொற்களில் இருக்கிறது. 'மயக்கம்' என்றால் தலைசுற்றலும் மயக்கம், நினைவு தப்பியதும் மயக்கம். "கீழ விழுந்தீங்களா? விழுந்தது தெரிஞ்சுதா?" என்று கேட்காமல் எழுதக்கூடாது. 'இழுப்பு' ஒரு ஊரில் ஆஸ்துமா, இன்னொரு ஊரில் ஃபிட்ஸ். 'மேலு வலிக்குது' என்றால் உடம்பெல்லாம் வலி, மேலே எங்கோ வலி என்று வயிற்றின் மேல்பக்கத்தை அமுக்கிப் பார்ப்பார் பாவம். 'வாயு புடிச்சிருக்கு', 'நெஞ்சு கரிக்குது' என்று வியர்வையோடு வரும் ஐம்பது வயதுக்காரருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி. தமிழ்நாட்டுக்காரருக்கும் இதில் சமாதானம் கிடையாது. நெல்லைக்காரர் கோவையில் வேலை பார்த்தால் அவருக்கும் பாதி புரியாது. இருபது சொற்களை ஒரு தாளில் அடித்து ஓபி மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் போதும். வார்டு ஆயாம்மாவிடம் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

இத்தனையும் தெரிந்தாலும், எப்போது யாரைக் கூப்பிடுவது என்பது தெரியாவிட்டால் இரவு தப்பாது. புதியவர்கள் கூப்பிடாததற்குக் காரணம் அறியாமை குறைவு, திட்டு விழும் என்ற பயம்தான் அதிகம். ஒரு முறை ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டு, "இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டால், அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்து இருக்கும்போது கூப்பிட மாட்டார். அதனால் எண்களைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்: மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஆக்சிஜன் அளவு 92க்குக் கீழ், மேல் பிரஷர் 90க்குக் கீழ், நாடி 120க்கு மேல் அல்லது 50க்குக் கீழ், நினைவு முன்பைவிட மங்கியது, இரண்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, புதிதாக வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் கூப்பிட வேண்டும், கூப்பிட்டதற்கு யாரும் எதுவும் கேட்கக்கூடாது. எண்கள் எதுவுமே பொருந்தாமல், ஸ்டாஃப் சிஸ்டர் "டாக்டர், எனக்கு இவரு பார்வையே சரியில்ல" என்றாலும் கூப்பிட வேண்டும். இதை யூனிட் சீஃப் தன் வாயால், வார்டில், சிஸ்டர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு பிஜி சொன்னால் செல்லாது.

கூப்பிடும்போது எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒத்திகை வேண்டும். "சார், அந்த 14ஆம் பெட் அம்மா கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்பது எதிர்முனைக்குத் தூக்கத்தில் எதையும் சொல்லாது. "சார், 14ஆம் பெட், 60 வயசு, நிமோனியா, சாயங்காலம் பிரஷர் 110, இப்ப 84. மூச்சு 32. ஒரு லிட்டர் ஃப்ளூயிட் போயிருக்கு. நீங்க வந்து பார்க்கணும்." கடைசி வாக்கியம் முக்கியம். என்ன வேண்டும் என்று கேட்காமல் போனை வைக்கக்கூடாது.

காலை ஒப்படைப்புக்கும் இதே ஒழுங்குதான். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவமனைகளில் ஒப்படைப்பை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. நம் வார்டில் 'சிஎஸ்டி' என்று மூன்று எழுத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் அதற்கு நேர் எதிரி. அதே சிகிச்சை தொடரட்டும் என்று ஐந்து நாள் எழுதினால், சிறுநீரகம் கெட்டு கிரியாட்டினின் 4 ஆன பிறகும் முதல் நாள் டோஸ் போய்க்கொண்டே இருக்கும். புதியவர் முதல் மாதம் முழுக்க மருந்துகளைத் தினம் புதிதாக எழுத வேண்டும். கை வலிக்கும். வலிக்கட்டும்.

சட்டச் சங்கதிகளில் இரண்டைச் சொன்னால் போதும். விஷம், பாம்புக்கடி, தூக்கு, தீக்காயம், விபத்து என்றால் ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, இரண்டு அங்க அடையாளம், கொண்டுவந்தவர் பெயர், போலீஸுக்குத் தகவல். நடந்ததாகச் 'சொல்லப்பட்டது' என்றே எழுத வேண்டும், நாம் பார்க்கவில்லை. சறுக்குவது இங்கே இல்லை. பாம்பு கடித்தவர் ஆறாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கிறார், அதற்குள் வார்டு மாறி, யூனிட் மாறி, அவர் 'ரீனல் ஃபெயிலியர் கேஸ்' ஆகிவிடுகிறார். நான்காம் படிவத்தை (இறப்புக் காரணச் சான்று) எழுதி உடலைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு நாள் ஆனாலும் அது எம்எல்சிதான், போலீஸுக்குப் போக வேண்டிய சட்ட வழக்கு. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைப்பது அதற்குத்தான். மற்ற இறப்புகளில் அதே நான்காம் படிவத்தில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதினால் காரணத்தை எழுதியதாகாது. இறந்தவர் எல்லாருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் போகும்.

புதியவரின் உடம்பையும் யாராவது பார்க்க வேண்டுமே. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் முடிந்ததா, ஆன்டிபாடி அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே பார்க்கலாம். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். ஏஆர்டி மையம் பூட்டியிருக்கும் இரவில் முதல் டோஸ் எந்த அலமாரியில் இருக்கிறது? நடையின்போது அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் டூட்டி ரூம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர் கருத்தரங்கு அறையில் கொல்லப்பட்டார். ஓய்வெடுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வழியில் லைட் எரிகிறதா, பெண்களுக்குத் தனி அறை எது, செக்யூரிட்டி எண் என்ன என்பதைக் காட்டாமல் முதல் இரவு டூட்டி போடும் உரிமை எந்தத் துறைக்கும் இல்லை.

எல்லாவற்றையும் யார் செய்வது என்ற கேள்வி வரும். அசிஸ்டென்ட் புரொபசருக்கு நேரமில்லை, ஃபைனல் இயருக்குப் பரீட்சை. முதல் சுற்றில் வந்தவர்தான் சரியான ஆள். அவருக்கு எல்லாம் இன்னும் புதிதாகவே இருக்கும், எது குழப்பியது என்பது மறந்திருக்காது. இரண்டு பக்கத் தாள், இரண்டு சிரிஞ்சு, ஒரு கண்ணாடி டியூப், அரை நாள். அடுத்த சுற்றில் வருபவரை அவர் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். நடக்கும்போதே தாளில் திருத்தட்டும்: கிழக்கு லிஃப்ட் இப்போது ஓடுகிறது, ரத்த வங்கிப் படிவம் மாறிவிட்டது, ஐஎம்சியு ஃபிரிட்ஜ் சாவி சிஸ்டர் மேசையில் இரண்டாவது டிராயர்.